புதுச் சின்னப் பிஸ்டல், 600 ரவை, 12 தடவை நின்றது: இதை நம்பலாமா?

கல்லடிக்காரன்:

மாமாங்கத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. பகலில் வெளியே போக ஏலாத வெயில், இரவில் தூக்கம் வருவதில்லை. சரி, இரண்டு மாதமாக எழுதவேணும் என்று தள்ளிப்போட்டு வந்ததை எழுதிவிடுவோம் என்று கொப்பியை எடுத்தேன். முதலே சொல்லிவிடுகிறேன், ஊருக்குக் கொண்டு வந்தது கொப்பியை மட்டும்தான். பிஸ்டல் சுவிஸில் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அங்கே இலங்கைக் குடியுரிமையோடு இருக்கிற ஆள் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. சட்டத்திலேயே சில நாடுகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் நம்முடைய நாடும் ஒன்று. நான் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்த பிறகுதான் துவக்குச் சுடுகிற கிளப்பில் சேர்ந்தேன். வாங்குவதற்கு முன் அனுமதிப்பத்திரம் எடுக்கவேணும், இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற கதையெல்லாம் சாதாரண ஆளுக்கு இல்லை, ரவையை வேறாக்கிப் பெட்டியில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

வாங்கியது 9 மில்லிமீற்றர், சின்னச் சாதி. க்ளொக் 19 என்கிற பிஸ்டலைத்தான் 1988 இலிருந்து நடுத்தர அளவுக்கு எல்லோரும் அளவுகோலாகச் சொல்வார்கள், குழல் 102 மில்லிமீற்றர், மகசினில், அதாவது பிடிக்குள் செருகுகிற ரவைக்கூட்டில், 15 ரவை. இது அதைவிடச் சின்னன், ஒடுக்கம், 10 ரவை, வெறும் எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கொம்பனிப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஒரு சாமானை வைத்து ஒரு கொம்பனியைத் திட்ட எனக்கு விருப்பமில்லை.

நான் கராஜில் வேலை செய்கிறவன். வாகனம் "இடைக்கிடை நிற்குது" என்று வந்தால் முதலில் கேட்பது, எப்போது நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று. இதையும் அப்படித்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் உடனே தட்டி இழுத்து அடுத்ததைச் சுடாமல், பிஸ்டலை இலக்குப் பக்கமே வைத்து, விரலை வெளியே எடுத்து, என்ன நிலையில் நிற்கிறது என்று பார்த்து எழுதினேன். பக்கத்து மேசைக்காரருக்கு நான் ஒரு விசரன் போலத் தெரிந்திருக்கும்.

முதல் நாள் 150 ரவை, 124 கிறெயின், அதாவது குழலால் பறந்து போகிற சன்னம் மட்டும் எட்டுக் கிராம். நான்கு தடவை நின்றது. முதல் 40 க்குள் இரண்டு தடவை ஸ்லைட், அதாவது ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய் முன்னால் வருகிற மேல்பகுதி, முழுதாகப் போய் மூடவில்லை, ஒரு நூல் இடைவெளி, பின்னால் பெருவிரலால் தட்டினால் மூடியது. புது ஸ்பிரிங்கின் இறுக்கம் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு அது வரவே இல்லை. மற்ற இரண்டும் ரவை மூக்குக் குத்தி நின்றவை: மகசினிலிருந்து மேலே ஏறவேண்டிய ரவை குனிந்து, குழல் வாசலுக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாம் நாள் காலையில்தான் புத்தி வந்தது. மனைவியின் கியூட்டெக்ஸை எடுத்து மூன்று மகசினுக்கும் அடியில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு வைத்தேன். அன்று 150, 115 கிறெயின், மகசினுக்கு 50 வீதம். மூக்குக் குத்தியது இரண்டு, இரண்டுமே இரண்டு பொட்டு மகசினில். இன்னொன்று, வெடித்து முடிந்த ரவையின் வெற்றுக் கோது வெளியே போகாமல் ஸ்லைட்டுக்கு இடையில் நிமிர்ந்து நின்றது, புகைபோக்கி மாதிரி.

மூன்றாம் நாள் 100. மனைவி 40 சுட்டார், நான்கு புகைபோக்கி. நான் இடது கையால் மட்டும் 60 சுட்டேன், ஒன்று. நான்காம் நாள் இரண்டாம் இலக்க மகசினைப் பையை விட்டே எடுக்காமல் மற்ற இரண்டாலும் 200, துடைக்காமல், எண்ணெய் போடாமல். ஒன்றும் இல்லை. தையல் மெசின் மாதிரி ஓடியது.

ஆக 600 இல் 12. கடைசி 200 இல் பூச்சியம். என்ன சொல்கிறீர்கள்?

சும்மா வந்தவன்:

மச்சான், 600 ரவையின் காசுக்கு ஊரில் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். அதுவும் இடைக்கிடை நிற்கும்தான், ஆனால் பால் தரும்.

பழைய சார்ஜன்:

தம்பி, நாங்கள் பொலிசில் சேர்ந்த காலத்தில் கையில் தந்தது சுழல் துப்பாக்கி. வெடிக்காவிட்டால் திரும்ப விசையை இழுத்தால் அடுத்த ரவை வந்து நிற்கும். மகசினும் இல்லை, ஸ்பிரிங் சண்டையும் இல்லை. இந்தச் சின்னப் பிஸ்டல்கள் எல்லாம் பார்க்க வடிவுதான், ஆனால் எதைச் சின்னனாக்கினாலும் அதற்கு ஒரு விலை இருக்கு. ஸ்லைட் கட்டையாகப் போனால் அது பின்னால் போகிற தூரமும் குறையும். பாரம் குறைந்தால் வேகம் கூடும். அந்த வேகத்தைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். கடைசியில் மகசினுக்குள் இருக்கிற ரவை மேலே எழும்பி வருவதற்குக் கிடைப்பது கண் இமைக்கிற நேரத்திலும் குறைவு. பெரிய பிஸ்டலில் மன்னிக்கிற பிழை இதில் மன்னிக்காது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தது நல்ல வேலை. ஒன்று மட்டும் கேட்கிறேன், விசையை இழுத்து "டிக்" என்று மட்டும் கேட்டால் என்ன செய்தீர்? அதற்கும் பழக்கம் வைத்திருக்கவேணும். குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுக்கவேணும், சில ரவை பிந்தி வெடிக்கும். அதைவிட மோசமானது, சத்தம் புஸ் என்று வந்து உதைப்பும் இல்லாமல் போவது. சன்னம் குழலுக்குள்ளேயே நிற்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் போகும், கையும் போகும்.

கல்லடிக்காரன்:

ஐயா, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த அரை நிமிடத்தை எங்கள் கிளப்பிலும் முதல் நாளே மனப்பாடம் பண்ணவைத்தார்கள்.

வட்டைக்காவல்:

நான் வெல்லாவெளிப் பக்கம். வெள்ளாமைக் காவலுக்கு அப்பா காலத்து ஒற்றைக் குழல் 12 போர் துவக்கு இருக்கு, லைசென்ஸ் வருசா வருசம் புதுப்பிக்கிறேன். ரவைக்கணக்கு, மகசின் பொட்டு ஒன்றும் எங்களுக்கு இல்லை. முறித்துப் போடு, மூடு, சுடு. ஆனால் நிற்கிற கதை எங்களுக்கும் இருக்கு. பழைய கடதாசிக் கோதுத் தோட்டா மாரி ஈரத்தில் ஊதிவிடும், உள்ளே போகாது, போனால் வெளியே வராது. ஒரு மார்கழி இரவு பரணில் இருக்கிறேன், பன்றிக்கூட்டம் வரம்பேறி வருகுது, தோட்டா பாதி தூரம் போய் இறுகி நிற்குது, நகத்தால் இழுக்கிறேன், வருகுதில்லை. பன்றி ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கோதுதான், அதையும் இறுக்கமாக மூடுகிற மா டின்னில் போட்டு வைக்கிறேன்.

யானை வந்தால் துவக்கு ஒரு பக்கம், யானைவெடிதான். அதிலும் ஈரம் பட்டால் திரி பற்றாது. நம்பிக்கை என்கிறதே காய்ந்து இருக்கிறதா இல்லையா என்கிறதுதான் மனே.

ஒலுவில் தம்பி:

அண்ணன் வட்டைக்காவல், மா டின் ஐடியா அருமை.

நான் காற்றுப் பிஸ்டல் பழகுகிறவன். 10 மீற்றர், 4.5 மில்லிமீற்றர் குண்டு, பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர்தான், சட்டைப் பொத்தான் அளவு. எங்களுக்கு விசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்று விதி. உங்களுடையது இரண்டு இரண்டரைக் கிலோ இருக்குமே? ஒரு சந்தேகம், உங்கள் மனைவி சுடும்போது மட்டும் ஏன் இவ்வளவு புகைபோக்கி? அவ பிடிக்கிறதில் பிழையா, பிஸ்டலில் பிழையா? ஆள் மாறினால் நிற்கிற சாமானை நம்பிக்கையான சாமான் என்று சொல்லலாமா?

கல்லடிக்காரன்:

தம்பி, நல்ல கேள்வி. விசை தராசில் பிடித்துப் பார்த்தேன், 2.6 கிலோ.

மனைவி விசயத்தை விளங்கப்படுத்த எனக்கு வாவித் தோணிதான் ஞாபகம் வருகிறது. தோணியிலிருந்து கரைக்குப் பாயும்போது, கயிறு கட்டியிருந்தால் நேராகக் கரையில் போய் நிற்பீர்கள். கட்டாமல் விட்டிருந்தால் நீங்கள் முன்னுக்குப் பாய, தோணி பின்னுக்குப் போக, இரண்டுக்கும் நடுவில் தண்ணிக்குள். பிஸ்டலில் ஸ்லைட்தான் பாய்கிற ஆள், பிடி இருக்கிற கீழ்ப்பகுதி தோணி, உங்கள் கைதான் கயிறு. மணிக்கட்டு தளர்ந்தால் கீழ்ப்பகுதியும் ஸ்லைட்டோடு சேர்ந்து பின்னுக்குப் போகிறது, அப்போது ஸ்லைட் ஓடவேண்டிய முழுத் தூரத்தை ஓடாது, கோது வெளியே பறப்பதற்கு முன் ஸ்லைட் திரும்பி வந்து கடித்துக்கொள்ளும். பாரமான பிஸ்டலில் தோணியே பெரிசு, கயிறு இல்லாவிட்டாலும் அவ்வளவாக அசையாது. மனைவியிடம் கிளப்பின் ஒரு கிலோ இரும்புப் பிஸ்டலைக் கொடுத்துப் பார்த்தேன், 40 ரவை, ஒரு தடவையும் நிற்கவில்லை.

அவவிடம் "நீ பிடிக்கிறது சரியில்லை" என்று சொல்லிப்போட்டு இரண்டு நாள் சோறு நானே போட்டுச் சாப்பிட்டேன். இப்போது யோசித்தால் அவ கேட்டது சரி: "களைத்த கை, வியர்த்த கை, உங்கட இடது கை, எல்லாம் என்ட கை மாதிரித்தானே பிடிக்கும்?" என்றா. அதனால்தான் அந்த நான்கையும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

கணக்குச்சேர்:

கொஞ்சம் பிந்தி வருகிறேன், களுவாஞ்சிகுடியில் நேற்று மின்சாரம் இல்லை.

தம்பி கல்லடிக்காரன், உமது கொப்பி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் அவசரப்பட்டிருக்கிறீர். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குத் துவக்கு தெரியாது, ஆனால் எண்ணிக்கை தெரியும்.

முதலாவது, "கடைசி 200 இல் பூச்சியம்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர். ஒரு சாமான் உண்மையிலேயே நூற்றுக்கு ஒன்று நிற்கிற சாமான் என்று வையும். அது ஒரு பெட்டி, 50 ரவை, நிற்காமல் ஓடுவதற்கு என்ன வாய்ப்பு? 0.99 ஐ 50 தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.605. அதாவது மோசமான சாமானை ஐந்து பேர் வாங்கி ஆளுக்கொரு பெட்டி சுட்டால் மூன்று பேர் வந்து "பிரமாதம், ஒரு தடவையும் நிற்கவில்லை" என்று எழுதுவார்கள். 100 ரவைக்கு அது 0.366. 300 க்குப் போனால்தான் 0.05 க்குக் கீழே இறங்கும். இதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கு: ஒரு தடவையும் பிழைக்காமல் எத்தனை ஓடியதோ அதால் 3 ஐ வகுத்துவிடும். 200 ஓடினால் 3/200, நூற்றுக்கு ஒன்றரை. இவ்வளவுக்கு மேலே இருக்காது என்று 95 வீத நம்பிக்கையோடு சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல ஏலாது. நூற்றுக்கு ஒன்று என்று சொல்ல 300 வேணும், ஆயிரத்துக்கு மூன்று என்று சொல்ல 1000 வேணும்.

விதைநெல் முளைக்கப் போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியும். ஈரச் சாக்கில் 10 நெல்லைப் போட்டுப் பத்தும் முளைத்தால் அந்த மூடையை நம்பி விதைக்கமாட்டீர், நூறு போட்டுத்தான் பார்ப்பீர்.

இரண்டாவது, இரண்டாம் இலக்க மகசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர். சாட்சி என்ன? முதல் நாள் பொட்டு இல்லை, அதனால் அந்த இரண்டும் எதில் வந்தது என்று உமக்கே தெரியாது. இரண்டாம் நாள் வந்த இரண்டும் ஒரே மகசினில். மூன்று மகசினும் ஒரே தரம் என்று வைத்தாலும், இரண்டு பிழை தற்செயலாக ஒரே மகசினில் விழ மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கு. மூன்றில் ஒன்று ஒரு சாட்சியா?

சும்மா வந்தவன்:

சேர், ஓ எல்லில் உங்களிடம் படித்திருந்தால் நான் கணக்கில் பாஸாகியிருப்பேன். ஒரு பிஸ்டல் வேண்டியிருந்திருக்கு.

பழைய சார்ஜன்:

சேரின் கணக்கு சரிதான், ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கு. நெல்லு ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்று முளைக்காததால் பக்கத்து நெல்லுக்கு ஒன்றும் இல்லை. இது அப்படி இல்லையே. பிழை கொத்தாக வரும். ஊத்தை சேரச் சேர வரும், ஸ்பிரிங் தேயத் தேய வரும், ஒரு பெட்டி ரவை பழுதென்றால் அந்தப் பெட்டி முழுக்க வரும். முதல் 40 க்குள் வந்து பிறகு காணாமல் போனது ஒரு சாதி, மகசினில் வந்தது வேறு சாதி, கல்லடிக்காரனின் மனைவி கையில் வந்தது இன்னொரு சாதி. பன்னிரண்டையும் ஒரே சாக்கில் போட்டு 600 ஆல் வகுத்தால் நூற்றுக்கு இரண்டு வரும், ஆனால் அந்த இரண்டு யாருடைய இரண்டு?

கணக்குச்சேர்:

ஒத்துக்கொள்கிறேன் சார்ஜன். தனித்தனிப் பிழை என்று எடுத்தால்தான் என் சுருக்கு வழி ஓடும். அதனால்தான் ஒரு விதியும் சேர்த்துச் சொல்லவேணும்: காரணத்தைக் கண்டுபிடித்து ஒன்றை மாற்றினால், அது மகசினோ ஸ்பிரிங்கோ ரவையோ, எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து. பழைய 200 ஐக் கடன் வாங்கக்கூடாது.

வாவிக்கரை:

எல்லோரும் இவ்வளவு ஆசையாக எழுதுவதை வாசித்துக்கொண்டு வந்தேன். கோபத்தில் எழுதவில்லை, ஒருவராவது சொல்லவேணும் என்று எழுதுகிறேன். 1990 இல், சண்டை நேரம், எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் வெடிச் சத்தத்தை வைத்து அது எவ்வளவு தூரத்தில் என்று அம்மா சொல்வா, படிக்காத அம்மா. இப்போதும் தேர்த் திருவிழாவில் சீனவெடி போட்டால் எழும்பி அறைக்குள் போய்விடுவா, ஒன்றும் சொல்லமாட்டா, போய்க் கட்டிலில் இருப்பா. கல்லடிக்காரன் அண்ணன், உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஒன்றும் செய்யாதா? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

கல்லடிக்காரன்:

தங்கச்சி, செய்யும். முதல் நாள் கிளப்புக்குப் போனபோது வாசலில் நின்று ஒரு சிகரெட் முடியும் வரை உள்ளே போகவில்லை, நான் சிகரெட் குடிக்கிறவனும் இல்லை, கூட வந்தவர் குடித்தார். உள்ளே ஒருத்தர் பெரிய சாமானால் சுட்டார், எனக்குக் கால் தானாக மடங்கியது. காதுக்கு நுரைத் தக்கை வைத்து அதற்கு மேலே கப்பும் போட்டுக்கொள்வேன், இரண்டும் சேர்த்து. வெடிச்சத்தம் 150, 160 டெசிபல் வரும், காது ஒரு தடவையிலேயே கெட்டுப்போகும், அதற்காகத்தான் எல்லோரும் போடுவது, எனக்கு அது மட்டும் காரணமில்லை.

பிறகு ஏன் போகிறாய் என்று கேட்டால் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. சின்ன வயதில் எனக்குத் துவக்கு என்றால் அது எப்போதும் மற்றவன் கையில் இருக்கிற சாமான், வாய் நம் பக்கம். அதைக் கழற்றி மேசையில் பரப்பி, இது ஸ்பிரிங், இது ஊசி, இது இந்த இடத்தில் தேய்ந்திருக்கு என்று பார்த்தபோது எனக்குள் ஏதோ கொஞ்சம் இறங்கியது. வேறு ஆட்களுக்கு அப்படி இருக்கவேணும் என்று இல்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

வாவிக்கரை:

சரி அண்ணன். விளங்குது. அம்மாவிடம் சொல்லமாட்டேன், ஆனால் விளங்குது.

அக்கரைப்பற்றான்:

இங்கே ஊரில் தற்பாதுகாப்புக்கு இப்படிச் சின்னப் பிஸ்டல் எடுக்க என்ன வழி? யாராவது எடுத்துத் தருவார்களா?

மட்டுறுத்துநர்:

வாங்குவது, விற்பது, எடுத்துத் தருவது பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். தெரிந்துகொள்ள மட்டும்: இலங்கையில் இதெல்லாம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும், தற்பாதுகாப்புக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில். 2024 கடைசியில் அப்படிக் கொடுத்தவற்றைக்கூட மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு அறிவித்தது. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் மறியல்தான். இழை தொடரட்டும்.

ஒலுவில் தம்பி:

கல்லடிக்காரன் அண்ணன், மற்ற அண்ணன்மார் ரவையை மறந்துபோனீர்கள். 115, 124 இரண்டும் சுட்டீர்கள், 147 சுடவில்லையா? பாரமான சன்னத்துக்கு உதைப்பு வேறு மாதிரி என்று வாசித்திருக்கிறேன்.

கல்லடிக்காரன்:

சுடவில்லை தம்பி. 147 என்றால் ஒன்பதரைக் கிராம், அது கொஞ்சம் நீளமாகவும் இருக்கும், மூக்கும் பெரும்பாலும் தட்டை. ஒடுக்கமான மகசினில் அதுதான் உண்மையான சோதனை. நான் போட்டிக்குச் சுடுவது 124 தான், அதனால் அதிலேயே நின்றுவிட்டேன். பாவிக்கிற ரவையில்தான் சோதிக்கவேணும், மலிவு ரவையில் ஆயிரம் ஓடினாலும் அது மலிவு ரவையைப் பற்றிய தகவல்தான்.

சேர், நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று எனக்கு இரண்டு நாளாக மண்டைக்குள் குடையுது. அடுத்த கிழமை திரும்பிப் போகிறேன். போன உடனே இரண்டாம் இலக்கத்தை மட்டும் வைத்து 100 சுட்டுப்பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

(ஐந்து கிழமைக்குப் பிறகு)

கல்லடிக்காரன்:

வந்தேன். சேர் இருக்கிறீர்களா?

இரண்டாம் இலக்க மகசினால் 100 ரவை, 124 கிறெயின். ஐந்து தடவை மூக்குக் குத்தியது. அதே நாள் முதலாம், மூன்றாம் இலக்கத்தால் 50 வீதம், ஒன்றும் இல்லை. இது சாட்சிதானே? ஆனால் அதோடு விடவில்லை. கராஜ் புத்தி. இரண்டாம் இலக்கத்தின் ஸ்பிரிங்கையும் உள்ளே இருக்கிற தள்ளுகட்டையையும் கழற்றி முதலாம் இலக்கத்துக்குள் போட்டேன், அதனுடையதை இதற்குள். திரும்ப 50, 50. முதலாம் இலக்கம் பழைய மாதிரியே ஓடியது. இரண்டாம் இலக்கம் மூன்று தடவை நின்றது. அப்படியென்றால் ஸ்பிரிங்கில் பிழையில்லை, கட்டையில் பிழையில்லை, பிழை உடம்போடு நிற்கிறது.

டோர்ச் அடித்து மகசின் வாயின் உதட்டைப் பார்த்தேன், ரவையைப் பிடித்திருக்கிற அந்த இரண்டு இரும்பு உதடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேர்ணியர் வைத்து அளந்தேன், இடது உதடு முன்பக்கம் மற்ற இரண்டு மகசினையும் விட 0.3 மில்லிமீற்றர் விரிந்திருக்கு. ஒரு நகத்தின் தடிப்பு. அதனால் ரவை மேலே வரும்போது ஒரு பக்கம் சாய்ந்து மூக்கைக் கவிழ்க்கிறது. குறட்டால் நெரித்துச் சரிபண்ணலாம் என்று கை துறுதுறுத்தது, செய்யவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன், ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றித் தந்தார்கள்.

இன்னுமொன்று. மனைவிக்கு வேறு பிடி காட்டினோம், இடது பெருவிரல் முன்னுக்கு நீட்டி, இடது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே மடக்கிப் பூட்டுகிற பிடி. 60 சுட்டா, ஒரு புகைபோக்கி. முன்னம் நாற்பதில் நான்கு, இப்போது அறுபதில் ஒன்று. பூச்சியம் இல்லை, ஆனால் இப்போது நான் சோறு போட்டுச் சாப்பிடுவதில்லை.

கணக்குச்சேர்:

கழற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தீரே, அதுதான் தம்பி சோதனை. உமக்கு நான் நூற்றுக்கு எண்பது போடுவேன். மிச்சம் இருபது, முதல் நாளே பொட்டு வைக்காததற்கு.

புது மகசின் வந்துவிட்டது அல்லவா? எண்ணிக்கை பூச்சியம்.

கல்லடிக்காரன்:

தெரியும் சேர், பூச்சியத்திலிருந்துதான் தொடங்கினேன். போன சனி 150, இன்றைக்கு 150 என்று 300 முடித்து உங்களிடம் நூற்றுக்கு ஒன்று என்ற பத்திரத்தை வாங்குவதென்று போனேன்.

211 ஆவது ரவை. "டிக்".

சார்ஜன் ஐயா சொன்ன மாதிரி வாயை இலக்குப் பக்கம் வைத்து அரை நிமிடம் பொறுத்தேன். ஒன்றும் இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் ரவையின் அடியில் இருக்கிற பிரைமரில் ஊசி நடுவில் நல்ல ஆழமாகக் குத்தியிருக்கு, மற்ற கோதுகளில் இருக்கிற அதே பள்ளம். மிச்சம் 89 உம் நிற்காமல் போனது.

பழைய சார்ஜன்:

பள்ளம் ஆழமென்றால் ஊசி தன் வேலையைச் செய்திருக்கு. பள்ளம் மேலாப்பிலே இருந்தால்தான் பிஸ்டலைச் சந்தேகப்படவேணும். அந்த ரவையைத் திரும்பப் போட்டு அடித்தீரா?

கல்லடிக்காரன்:

மைதானப் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டு அடித்தேன். இரண்டாம் தடவையும் வெடிக்கவில்லை. அவர் வாங்கி, வெடிக்காத ரவை போடுகிற டப்பாவுக்குள் போட்டுவிட்டார். அப்படியென்றால் அது ரவையின் பிழை, பிஸ்டலின் பிழை இல்லை. சேர், இதைக் கணக்கில் சேர்க்கவேணுமா?

கணக்குச்சேர்:

பிஸ்டலைப் பற்றிய கணக்கென்றால் சேர்க்கத் தேவையில்லை. விசையை இழுத்தால் வெடிக்குமா என்கிற கணக்கென்றால் சேர்க்கத்தான் வேணும். இரண்டு நிரல் போட்டு எழுதும்.

ஒலுவில் தம்பி:

அண்ணன், அந்தப் பெட்டியில் மிச்சம் இருக்கிற ரவை எத்தனை? ஒரே தொகுதி இலக்கமா?

கல்லடிக்காரன்:

மிச்சம் 38. பெட்டி எல்லாம் ஒரே இலக்கம்தான், ஆயிரமாக வாங்கினேன். அடுத்த சனி இந்த 38 ஐத்தான் முதலில் சுடப்போகிறேன், இரண்டாம் நிரலுக்கு.

இப்போது போய்க் கை கழுவவேணும், ஈயம். குளிர்ந்த தண்ணியும் சவர்க்காரமும், முழங்கை வரை. சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று வீட்டில் கட்டளை, அவன் கதவுக்குப் பின்னால் நின்று கத்துகிறான்.

வட்டைக்காவல்:

மனே, அந்த 38 ஐயும் ஒரு மா டின்னில் போட்டு வை.